பிளானில் கொஞ்சம் காலியிடம் விடுங்கள்!

விண்டோஸ் எக்ஸ்பி சிஸ்டம் பயன்படுத்தியவர்களுக்கு டிஸ்க் டிபிராக்மென்டர் நன்றாக நினைவிருக்கும். ஹார்ட் டிஸ்க்கில் சிதறிக் கிடக்கும் பைல்களை ஒழுங்குபடுத்தித் தரும் புரோகிராம் அது. அதனை இயக்கும்போது டிரைவில் குறைந்தது 15 சதவீதம் காலியிடம் இருக்க வேண்டும் என்று கேட்கும். பைல்களை இங்கிருந்து அங்கே நகர்த்தி வைக்க அதற்கு இடம் வேண்டுமல்லவா? இடம் இல்லாவிட்டால் சரியாக வேலை செய்யாது.

திருத்தணியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்திய காலத்தில், "கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோ சார்" என்று வருகிறவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்வேன். "இடம் இருக்கிறதே என்று கடைசி எம்.பி. வரை நிரப்பாதீர்கள். சிஸ்டம் மூச்சுவிட இடம் கொடுங்கள்." நூறு பேரிடம் சொன்ன இந்தப் பாடத்தினை, என் சொந்த விஷயத்தில் நானே மறந்துபோனேன். அதற்கு நான் கொடுத்த விலை பெரியது. அதைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கே.ஜி.கண்டிகை. திருத்தணியிலிருந்து சோளிங்கர் போகும் சாலையில் இருக்கிறது. ஆந்திர எல்லை எங்களுக்குக் கூப்பிடு தூரம். 2022ல் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, பழைய டெம்போ டிராவலர் ஒன்றினை வாங்கி, உள்ளே படுக்கை, அடுப்பு, சிறிய பிரிட்ஜ், தண்ணீர் டேங்க் எல்லாம் வைத்து மோட்டார் ஹோம் ஆக்கினேன். கேரவன் என்றாலே நம் ஊரில் சினிமா நட்சத்திரங்கள்தான் நினைவுக்கு வருவார்கள். எங்கள் தெருப் பிள்ளைகளும், "சார், உள்ளே யாரு சார் இருக்காங்க?" என்று கேட்டுக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார்கள்.

அதன் பின்னர் மூன்று நீண்ட பயணங்கள் போய் வந்துவிட்டேன். ஒன்றில் பிளான் அதிகம். ஒன்றில் பிளானே இல்லை. மூன்றாவதில்தான் கொஞ்சம் புத்தி வந்தது.

எக்ஸெல் ஓட்டிய வண்டி:

முதல் பயணம் 2022 நவம்பரில். மனைவி, 78 வயதான அப்பா, நான் என மூன்று பேர். 28 நாட்கள். பெங்களூரு, சித்ரதுர்கா, ஹம்பி, பாதாமி, கோவா, கோகர்ணம், உடுப்பி, மைசூரு, மீண்டும் வீடு.

கம்ப்யூட்டர்காரன் கையில் பயணம் கிடைத்தால் என்ன ஆகும்? எக்ஸெல் ஷீட் பிறக்கும். என் ஷீட்டில் அரை மணி நேரத்துக்கு ஒரு வரிசை. காலை 6.00 டீ, 6.30 புறப்பாடு, 8.30 டிபன் என்று இரவு வரை நிரப்பியிருந்தேன். முடிந்த வேலைக்குப் பச்சை நிறம், தாமதமானால் சிவப்பு நிறம். 28 நாட்களில் ஒரு செல்கூட காலி இல்லை. அதைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

ஐந்தாம் நாள் மாலை ஹோஸ்பேட்டையில் துங்கபத்ரா அணையைப் பார்த்துவிட்டு வண்டி அருகே உட்கார்ந்திருந்தோம். அப்பா கேட்டார், "ஏம்பா, இங்கேர்ந்து குண்டக்கல் கிட்டதானே?"

அப்பா ரயில்வேயில் இருந்தவர். எழுபதுகளில் ஆறு வருடம் குண்டக்கல்லில் வேலை. திருத்தணி வழியாக ஓடும் அதே மும்பை ரயில் பாதைதான் ரேணிகுண்டா, கடப்பா, குண்டக்கல் என்று போகிறது. நான் கைக்குழந்தையாக இருந்தது அங்கேதான். ஹோஸ்பேட்டையிலிருந்து பல்லாரி வழியாகப் போனால் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். போக அரை நாள், வர அரை நாள்.

நான் லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். மறுநாள் காலை பாதாமி குகைக் கோயில்கள் என்று இருந்தது. அதை நகர்த்தினால் அதற்கு அடுத்தது நகரும். கோவா நகரும். எல்லாம் சிவப்பாகும்.

"அடுத்த தடவை போலாம்பா" என்றேன்.

"சரிப்பா" என்றார். அதன் பிறகு அதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

பாதாமிக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். செல்லுக்குப் பச்சை நிறம் கொடுத்தேன். அதே பயணத்தில் கோகர்ணம் அருகே வண்டியின் ஆல்டர்னேட்டர் பெல்ட் அறுந்து, ஒன்றரை நாள் மெக்கானிக் கடை வாசலில் கிடந்தோம். ஷீட் முழுவதும் சிவப்பானது. ஆனால் ஒன்றும் ஆகிவிடவில்லை. உடுப்பியில் ஒரு நாள் குறைத்துக்கொண்டோம், அவ்வளவுதான். ஒரு பெல்ட்டுக்குத் தர முடிந்த ஒன்றரை நாளை நான் அப்பாவுக்குத் தரவில்லை.

2023ல் அப்பா காலமானார். அந்த "அடுத்த தடவை" வரவில்லை.

பிளானே வேண்டாம் என்று போன கதை:

அந்தக் குற்ற உணர்வில் நான் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டேன். இரண்டாவது பயணம் 2024 ஜூனில், மனைவியும் நானும் மட்டும். "எக்ஸெல்லும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். தோன்றுகிற பக்கம் வண்டியைத் திருப்புவோம்" என்று கிளம்பினோம். முதல் ஒரு வாரம் சொர்க்கம்தான். பிறகு குடகு மலைப் பக்கம் போனோம். ஜூன் மாதம், தென்மேற்குப் பருவமழை. மூன்று நாட்கள் சூரியனைப் பார்க்கவே இல்லை. மழை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் வண்டியின் பிரிட்ஜ் ஓடுவது சோலார் பேனல் தரும் மின்சாரத்தில். பேட்டரி எவ்வளவு இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை.

அங்கிருந்து மைசூருக்கு இறங்கி, திடீரென்று "ஊட்டி போகலாமா?" என்று தோன்றியது. மாலையில் கிளம்பினோம். வழியில் சாப்பிட்டு, பேசிக்கொண்டே பந்திப்பூர் வனச் சோதனைச்சாவடிக்கு வந்தபோது இரவு 9.20. கேட் மூடியிருந்தது. பந்திப்பூர் புலிகள் காப்பகத்தின் வழியே இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனங்களுக்குத் தடை என்பது 2009லேயே வந்த விதி. ஊர் உலகத்துக்கே தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அதை நினைக்க வேண்டிய அவசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பிளான்தான் இல்லையே!

குண்டலுப்பேட்டைக்குத் திரும்பி, ஒரு பெட்ரோல் பங்க்கில் கேட்டு ஓரமாக நிறுத்தினோம். டேங்க்கில் தண்ணீர் இல்லை. மனைவி பிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னங்க, பிரிட்ஜ் ஓடலையே... எப்போ நின்னுச்சு?" என்றாள்.

அவளுக்குச் சர்க்கரை உண்டு. ஒரு மாதத்துக்கான இன்சுலின் அதற்குள்தான் இருந்தது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். பிரிட்ஜ் எப்போது நின்றது, மூடிய வண்டிக்குள் பகல் வெயிலில் எத்தனை டிகிரி ஏறியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பயன்பாட்டில் இருந்த பேனா அவள் கைப்பையில் இருந்ததால் அன்றிரவு தப்பித்தோம். மீதி அத்தனையையும் காலையில் தூக்கிப் போட்டுவிட்டு மருந்துக் கடை திறக்கும்வரை காத்திருந்து புதிதாக வாங்கினோம். நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டும் என்ற நடைமுறை 2024 மே 7 அன்றுதான் வந்திருந்தது. அதையும் அந்தக் காலையில்தான் மொபைலில் எடுத்தேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. "அப்பாவை அழைச்சுட்டு வந்தப்போ நிமிஷக் கணக்கு போட்டீங்க. என் மருந்துக்குக் கணக்கு இல்லையா?" என்று மட்டும் கேட்டாள். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

எதைக் கட்டுவது, எதை அவிழ்ப்பது?

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். "பிளான் போட்டுப் போக வேண்டுமா, மனம் போன போக்கில் போக வேண்டுமா?" என்று கேட்பதே தவறு என்று நினைக்கிறேன். உங்கள் கம்ப்யூட்டரில் சிஸ்டம் பைல்களும் இருக்கின்றன, நீங்கள் எழுதி அழிக்கும் பைல்களும் இருக்கின்றன. சிஸ்டம் பைல்களில் கை வைத்தால் கம்ப்யூட்டரே எழுந்திருக்காது. உங்கள் பைல்களை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். இரண்டுக்கும் ஒரே விதியா வைக்கிறோம்? முதல் பயணத்தில் டீ குடிக்கும் நேரத்தைக்கூட நான் சிஸ்டம் பைலாக்கிப் பூட்டினேன். இரண்டாவது பயணத்தில் இன்சுலினைக்கூட டெம்பரரி பைல் போல விட்டுவிட்டேன்.

தவறினால் திரும்பப் பெற முடியாதது எதுவோ அதற்கு மட்டும் பிளான் போடுங்கள். மருந்து, தண்ணீர், மின்சாரம், இருட்டுவதற்குள் வண்டி நிற்கும் இடம், மூடும் கேட்டுகள், எல்லை விதிகள், வண்டியின் ஆவணங்கள் ஆகியவை இதில் அடங்கும். எந்தக் கோயிலை எப்போது பார்ப்பது, எங்கே சாப்பிடுவது, ஒரு ஊரில் எத்தனை நாள் இருப்பது என்பதெல்லாம் தவறினால் ஒன்றும் ஆகாது. அவற்றை அவிழ்த்து விடுங்கள்.

இதில் நான் ஒன்றையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் பக்கத்துச் சாலைகளில் வட இந்திய யாத்திரை பஸ்கள் போவதைப் பார்த்திருப்பீர்கள். திருப்பதி முடித்து, காஞ்சிபுரம், ராமேஸ்வரம் என்று வாரக்கணக்கில் சுற்றுகிறவர்கள். பஸ்ஸின் மேலே அடுப்பு, அரிசி, மாவு மூட்டைகள், பாத்திரங்கள். மோட்டார் ஹோம் என்ற பெயரைக் கேட்காமலேயே அந்த வாழ்க்கையை வாழ்கிறவர்கள். ஒரு முறை எங்கள் ஊர் அருகே நிறுத்திச் சமைத்துக்கொண்டிருந்த ஒரு பஸ்ஸின் டிரைவரிடம், எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பேசினேன். ராமேஸ்வரத்துக்கு என்றைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அன்றிரவு எங்கே தங்குவது என்பது தெரியவில்லை. "நாலு மணிக்கு மேல் குழாய் இருக்கும் இடம் பார்ப்போம். தண்ணீர் இருந்தால் நிறுத்திவிடுவோம்" என்றார். தேதி ஒன்று, தண்ணீர் ஒன்று. அவருடைய பிளான் அவ்வளவுதான்.

அமெரிக்காவில் மோட்டார் ஹோம் பயணிகளிடையே "3-3-3" என்று ஒரு விதி புழங்குகிறது. ஒரு நாளைக்கு 300 மைலுக்கு மேல் ஓட்டாதே, மாலை 3 மணிக்குள் போய்ச் சேர், ஓரிடத்தில் 3 நாள் தங்கு என்பது அதன் பொருள். எழுத்தாளர் ஜான் ஸ்டீன்பெக் 1960ல் ஒரு பிக்கப் வண்டியின் மீது கேம்பர் பொருத்தி, சார்லி என்ற நாயுடன் அமெரிக்காவைச் சுற்றினார். அவர் காலத்திலிருந்தே அங்கே இது ஒரு வழக்கம். வண்டிகளுக்கென்றே மின்சாரமும் தண்ணீரும் தருகிற முகாம்கள் ஏராளம். நமக்கு அப்படி இல்லை. கேரளத்தில் வாகமண்ணில் 2022ல் கேரவன் பார்க் வந்தது. மற்றபடி நமக்குப் பெட்ரோல் பங்க், கோயில் பார்க்கிங், லாட்ஜ் முற்றம் இவைதான். அதனால் வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வது போல "காற்று அழைக்கும் பக்கம் போ" என்பதை இங்கே அப்படியே பின்பற்ற முடியாது. நம் சாலைக்கு நான் அந்த விதியை மாற்றிக்கொண்டேன். 200 கிலோமீட்டர், மாலை 4 மணி, 2 இரவு. இரவைக் கட்டிவிடு, பகலை அவிழ்த்து விடு. இதுதான் நான் இப்போது பின்பற்றுவது.

மின்சாரக் கணக்கு:

இதில் மட்டும் மனம் போன போக்கு உதவாது. என் வண்டியில் 12 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி. பெருக்கினால் 1,200 வாட்-ஹவர். ஒரு நாள் செலவினைப் பாருங்கள். பிரிட்ஜ் விட்டுவிட்டு ஓடுவதால் சுமார் 540. சிறிய மின்விசிறி 20 வாட், 8 மணி நேரத்திற்கு 160. லேப்டாப் 50 வாட், 3 மணி நேரத்திற்கு 150. விளக்கு, மொபைல் சார்ஜ் இவற்றுக்கு 100. மொத்தம் 950.

200 வாட் சோலார் பேனல், நல்ல வெயிலில் நாலு மணி நேரம் முழுமையாகக் கொடுத்தால் 800. வண்டி ஓடும்போது மீதியும் ஏறிவிடும். மழை மூட்டத்தில் 200 கிடைத்தாலே அதிகம். அப்படியானால் முதல் நாள் இரவு பேட்டரியில் மீதி 450. இரண்டாம் நாள் காலி. நான் குடகில் மூன்று நாள் இருந்தேன்! இந்தக் கணக்கைப் போட இரண்டு நிமிடம்கூட ஆகாது. நூறு பேருக்கு யு.பி.எஸ். கணக்குப் போட்டுக் கொடுத்த நான் அதைச் செய்யவில்லை.

தண்ணீரும் அப்படியே. எங்கள் டேங்க் 100 லிட்டர். சிக்கனமாக இருந்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 லிட்டர். இரண்டு பேருக்கு இரண்டு நாள். எனவே ஒன்று விட்டு ஒரு நாள் மாலை தண்ணீர் கிடைக்கும் இடத்தில் இருந்தாக வேண்டும். இந்த இரண்டு கணக்கும் கையில் இருந்தால், நடுவில் எங்கே வேண்டுமானாலும் தாராளமாகத் திரும்பலாம்.

ஆவணங்களும் விதிகளும்:

பழைய வேனை வாங்கி இஷ்டப்படி மாற்றிவிட முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988ன் 52வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியினை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. எனவே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி பெற்று, சொந்த உபயோகக் கேம்பர் வேன் என்ற வகையில் பதிவு செய்துகொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள். எங்களைப் போல வீட்டைவிட்டுக் கிளம்பிய சிறிது நேரத்திலேயே மாநில எல்லை தாண்டுகிறவர்களுக்கு இது மிக முக்கியம். இரவுத் தடை, இ-பாஸ் போன்ற விதிகள் அவ்வப்போது மாறும். கிளம்பும் வாரத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

கம்ப்யூட்டர் எங்கே உதவும்?

எக்ஸெல்லை நான் விட்டுவிடவில்லை. அதற்குச் சரியான வேலையைக் கொடுத்தேன். இப்போது என் ஷீட்டில் அரை மணி நேர வரிசைகள் இல்லை. ஒரு நாளுக்கு ஒரே வரிசை. நான்கு நெடுவரிசைகள். தேதி, இரவு எங்கே, கிலோமீட்டர், நகர்த்த முடியாதது. கடைசி நெடுவரிசையில் மருந்து வாங்கும் நாள், திருமணத்துக்குப் போக வேண்டிய நாள் போன்றவை மட்டும் இருக்கும். கண்டிஷனல் பார்மட்டிங் மூலம் கிலோமீட்டர் 200ஐத் தாண்டினால் சிவப்பாகும்படி அமைத்திருக்கிறேன். ஹோம் டேப்பில் கண்டிஷனல் பார்மட்டிங், பின்னர் ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், அதில் கிரேட்டர் தேன் தேர்ந்தெடுத்து 200 என டைப் செய்தால் போதும்.

அடுத்தது முக்கியமானது. "இரவு எங்கே" நெடுவரிசையில் சில நாட்களை வேண்டுமென்றே காலியாக விடுகிறேன். அந்த நாட்களில் எங்கே நிற்பது என்பதை அன்றைய மதியம் முடிவு செய்தால் போதும். அதற்குள் தண்ணீரும் பேட்டரியும் நிரம்பியிருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. கவுன்ட்பிளாங்க் என்ற பங்ஷன் காலி செல்களை எண்ணித் தரும். அதனை மொத்த நாட்களால் வகுத்தால் எத்தனை சதவீதம் காலி என்று தெரியும். 15 சதவீதத்துக்குக் கீழே போனால் நான் ஏதாவது ஒரு ஊரை வெட்டிவிடுகிறேன். நம் பழைய டிபிராக்மென்டர் விதிதான்!

மேப்பினை வீட்டு வை-பை இணைப்பிலேயே டவுண்லோட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் மேப்ஸில் ஆப்லைன் வசதி இருக்கிறது. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் தகவல்களைப் பயன்படுத்தும் ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மாண்ட் போன்றவையும் சிக்னல் இல்லாமலேயே வழி காட்டும். காட்டிலும் மலையிலும் சிக்னல் கிடைக்காதபோதுதான் பாதையை மாற்ற வேண்டிய நிலை வரும். ஆக, ஆப்லைன் மேப் என்பது சுதந்திரத்துக்கான கருவி. மேப் காட்டும் பயண நேரத்துடன் நாலில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். அது கார் வேகக் கணக்கு, நம்முடையது வீடு சுமக்கும் வண்டி. இரண்டு வேறு நிறுவனங்களின் சிம் வைத்திருங்கள்.

இப்போது ஏ.ஐ. புரோகிராம்களிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் 30 நாள் பயணத் திட்டத்தினைத் தந்துவிடுகின்றன. நானும் ஒன்றிடம் கேட்டுப் பார்த்தேன். என் பழைய ஷீட்டினைவிட அழகாக இருந்தது. காலை முதல் இரவு வரை ஒரு மணி நேரம்கூட காலி இல்லை. குற்றம் அதனுடையதல்ல. திட்டம் கேட்டேன், திட்டம் தந்தது. உங்களுடன் வருகிற பெரியவர் ஐந்தாம் நாள் மாலை என்ன கேட்பார் என்பது அதற்கு எப்படித் தெரியும்? அவருக்கே அது அந்த அணைக்கட்டுக்கு அருகில் வந்து உட்கார்ந்த பிறகுதானே தோன்றியது? எந்தப் புரோகிராமிடம் கேட்டாலும், "வாரத்துக்கு ஒரு நாளைக் காலியாக விடு" என்று சேர்த்துக் கேளுங்கள்.

பிளான் போடுவதில் ஒரு நன்மை உண்டு என்பதையும் மறுக்கவில்லை. என் மனைவிக்கு அடுத்த இரவு எங்கே என்று தெரியாவிட்டால் தூக்கம் வராது. அது பயம் அல்ல, பொறுப்பு. சமையலும் மருந்தும் அவள் கையில் இருக்கும்போது, "எங்கேயாவது பார்த்துக்கலாம்" என்று சொல்வது எனக்குச் சுலபம். மனம் போன போக்கில் போகிறேன் என்று சொல்கிற பலருக்கும் பின்னால், சத்தமில்லாமல் கணக்குப் போடுகிற ஒருவர் இருக்கிறார். அந்த வேலையை இருவரும் பிரித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது பயணம்:

2025ல் பொங்கல் முடிந்து கிளம்பினோம். 35 நாட்கள். 15 சதவீதம் என்றால் ஐந்து நாட்கள். நான் ஏழு நாட்களைக் காலியாக விட்டேன். மருந்துக்கு இரண்டு இடங்களில் தேதி குறித்தேன். பேட்டரி மானிட்டர் ஒன்றினை வண்டி ஓட்டும்போதும் கண்ணில் படும்படி மாட்டினேன்.

முதல் இரவு கடப்பா. அடுத்தது பெண்ணாறு மலையைப் பிளந்துகொண்டு ஓடும் கண்டிகோட்டா. அங்கிருந்து பேலம் குகைகள். அதற்கடுத்த நாள் காலி. பேலத்தில் டீக்கடைக்காரர், "தாடிபத்ரி கோயில் பாக்கலையா?" என்று தெலுங்கில் கேட்டார். எல்லைக்காரர்களான எங்களுக்குத் தெலுங்கு புரியும். போனோம். விஜயநகரக் காலத்துச் சிற்பங்கள். அரை நாள் என்று போய் ஒன்றரை நாள் இருந்தோம். என் ஷீட்டில் ஒன்றும் சிவப்பாகவில்லை.

பிறகு கூட்டி வழியாகக் குண்டக்கல். அது மட்டும் என் ஷீட்டில் நகர்த்த முடியாத நெடுவரிசையில் இருந்தது.

ஸ்டேஷனில் பிளாட்பார்ம் டிக்கெட் எடுத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். மாலையில் ரயில்வே குடியிருப்புப் பக்கம் நடந்தோம். வரிசையாக வீடுகள். வேப்ப மரங்கள். இவற்றில் எந்த வீட்டில் நாங்கள் இருந்தோம் என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா வந்திருந்தால் கையை நீட்டிக் காட்டியிருப்பார். ஒரு நாள் என்று நினைத்த இடத்தில் இரண்டு நாள் தங்கினோம். அப்போதும் கண்டுபிடிக்க முடியவில்லை.

எங்கள் திருத்தணி முருகன் கோயிலுக்கு 365 படிகள். வருடத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி. டிசம்பர் 31 இரவு படித் திருவிழாவின்போது கூட்டம் கூட்டமாக ஏறுவார்கள். மேலே போய்ச் சேர வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தண்ணீர் பாட்டிலும், பெரியவர்களுக்கு மாத்திரையும் எடுத்துக்கொண்டுதான் வருவார்கள். ஆனால் எந்தப் படியில் உட்கார்ந்து இளைப்பாறுவது என்று யாரும் எழுதி வைத்துக்கொண்டு ஏறுவதில்லை. கூட வருகிறவருக்கு மூச்சு வாங்கினால் அங்கேயே உட்காருகிறார்கள். நான் சிறு வயதிலிருந்து பார்த்த காட்சிதான். புரிந்துகொள்ள இத்தனை வருடம் ஆனது.

எனவே வாசகர்களே, மோட்டார் ஹோமோ, வாடகை வேனோ, சொந்தக் காரோ, அடுத்த பயணத்துக்கு எக்ஸெல்லைத் திறக்கும்போது முதல் வேலையாகச் சில செல்களைக் காலி என்று குறித்துவிடுங்கள். மருந்தையும் தண்ணீரையும் அதற்கடுத்து எழுதுங்கள். கோயில், குளம், கோட்டை எல்லாம் அதற்குப் பிறகு. வண்டியில் உங்களுடன் வருகிறவர் நடுவழியில் ஏதாவது கேட்டால், லேப்டாப்பைத் திறக்காமலேயே "சரி, போலாம்" என்று சொல்ல முடிய வேண்டும்.